புதைபடிவ எரிபொருள் திட்டங்களின் முழுச் செலவையும் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தூய காற்றும் நீரும் கோரும் குடிமக்கள்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
எரிசக்தித் துறை

பொருள்: நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அனுமதி தருவதற்கு முன், மக்கள் மீது விழும் செலவையும் கணக்கிட்டு வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நிலக்கரி மின்சாரமே மலிவானது என்ற வாதம் திட்ட அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு அடிப்படையான கணக்கில் பெரும்பகுதி விடுபட்டுப்போகிறது என்பதே எங்கள் முறையீடு. எரிபொருள் விலை, கொதிகலன், சம்பளம், கடனுக்கான வட்டி எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன. மூச்சிரைப்புடன் மருத்துவமனைக்கு வரும் குழந்தையின் சிகிச்சைச் செலவும், சாம்பல் கசிந்து கெட்டுப்போன கிணறும், மீன்பாடு குறைந்த கழிமுகமும் அதில் இல்லை. அந்தச் செலவையும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த மின்சாரத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறவர்கள்.

இந்தச் செலவு எவ்வளவு பெரியது என்பதற்குப் பன்னாட்டு நாணய நிதியத்தின் மதிப்பீட்டைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் புதைபடிவ எரிபொருள்களுக்குக் கிடைத்த மானியம் சுமார் 7 லட்சம் கோடி டாலர். இதில் அரசுகள் நேரடியாகக் கொடுத்தது சுமார் 1.3 லட்சம் கோடி. மீதியில் பெரும்பங்கு, காற்று மாசாலும் பருவநிலை மாற்றத்தாலும் விளையும் சேதத்துக்கு விலை வசூலிக்காமல் விட்டது. இப்படி வசூலிக்காமல் விடுவதையும் மானியம் என்றே அந்த நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. அதுதான் சரி என்று நாங்களும் கருதுகிறோம்.

உயரமான புகைபோக்கி கட்டினால் போதும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டைஆக்சைடாகிறது. அது காற்றிலேயே நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. உயரம் கூடினால் பக்கத்து ஊருக்குச் சற்றுக் குறையலாம், ஆனால் தொலைவில் இருப்பவர்களின் நுரையீரலுக்கும் அது போய்ச் சேர்கிறது. இத்தகைய நுண்துகளுக்கான ஆண்டு சராசரி வழிகாட்டு அளவை உலக சுகாதார நிறுவனம் 2021இல் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாகக் குறைத்தது. சாம்பலின் கதை வேறு. நிலக்கரியில் சிறிதளவே இருக்கும் ஆர்சனிக், ஈயம் போன்றவை எரிந்தபின் சாம்பலில் செறிந்து தங்குகின்றன. பாதரசத்தில் ஒரு பகுதி புகையோடு வெளியேறி, நீர்நிலைகளில் விழுந்து, மீன் வழியாக மனித உடலுக்குள் வருகிறது. ஆலை மூடப்பட்ட பிறகும் சாம்பல் குளம் அங்கேயே கிடக்கும்.

செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு அபெர்ஃபான் கிராமத்தைவிடக் கொடிய சாட்சியம் எங்களுக்குத் தெரியவில்லை. வேல்ஸில் உள்ள அந்த ஊரில் 1966 அக்டோபர் 21 அன்று, மலைமேல் குவித்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். சுரங்கங்களை நடத்திய தேசிய நிலக்கரி வாரியமே இதற்குப் பொறுப்பு என்று விசாரணைத் தீர்ப்பாயம் கூறியது. ஆனாலும் எஞ்சியிருந்த கழிவுக் குவியல்களை அகற்றுவதற்கு, பொதுமக்கள் அந்தக் குடும்பங்களுக்காக அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அத்தொகை 1997இல்தான், அதுவும் வட்டியில்லாமல், திருப்பித் தரப்பட்டது. பொறுப்பை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்களே பணமும் கட்ட நேரும்.

ஜெர்மனியின் ரூர் பகுதி வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே கடைசி கருநிலக்கரிச் சுரங்கம் 2018இல் மூடப்பட்டது. தோண்டித் தோண்டி நிலம் தாழ்ந்துவிட்டதால், தண்ணீரை இறைக்கும் பம்புகள் காலம் முழுவதும் ஓடியாக வேண்டும். இந்த முடிவில்லாத செலவுக்காக 2007இலேயே தனி அறக்கட்டளை தொடங்கி நிதி சேர்த்தார்கள். நம் அனுமதி ஆணைகளிலும் இத்தகைய ஏற்பாடு கட்டாயமாக வேண்டும்: சுரங்கத்தையோ ஆலையையோ மூடுவதற்கும் நிலத்தையும் நீரையும் சீராக்குவதற்கும் தேவையான தொகையை, உற்பத்தி தொடங்கும் முன்பே நிறுவனம் தனிக் கணக்கில் வைப்பாகக் கட்ட வேண்டும். லாபம் வரும் காலத்தில் கட்டாத பணத்தை நட்டத்தில் மூடும்போது யாரும் கட்டப்போவதில்லை.

தொழிலாளர்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளர் நான்கு ஒப்பந்ததாரர்களிடம் மாறியிருப்பார். அவர் வேலை செய்ததற்கே பதிவு இருக்காது. எனவே ஒவ்வொருவருக்கும் தூசி அளவுப் பதிவேடும், வேலையை விட்ட பிறகும் தொடரும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். மூடும் முடிவு வந்தால், மாற்று வேலைக்கான ஏற்பாடு அந்த முடிவோடு சேர்ந்தே வர வேண்டும். 2018இல் ஸ்பெயின் அரசு சுரங்கத் தொழிற்சங்கங்களுடன் 25 கோடி யூரோ மதிப்பில் ஒப்பந்தம் செய்து, முன்கூட்டிய ஓய்வும் மறுபயிற்சியும் நிலச் சீரமைப்பு வேலையும் உறுதி செய்தது. இது நடக்கக்கூடிய காரியம்தான்.

மின்சாரம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். எல்லா ஆலைகளையும் நாளைக்கே பூட்டச் சொல்லவில்லை. ஆனால் இன்று அனுமதி பெறும் ஒரு ஆலை முப்பது, நாற்பது ஆண்டுகள் எரியும். காற்றில் கரியமில வாயு 1958இல் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2023இல் துபாயில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் கூடிய நாடுகள், புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்வதற்கு அழைப்பு விடுத்தன. அதற்குப் பிறகும் பாதிக் கணக்கை வைத்து அனுமதி வழங்குவது நியாயமில்லை.

ஆகவே, புதிய திட்டமானாலும் பழைய ஆலைக்கு ஆயுள் நீட்டிப்பானாலும், உடல்நலம், நீர், நிலம், வாழ்வாதாரம், பருவநிலை ஆகியவற்றின் மீதான செலவைச் சுயேச்சையான நிபுணர் குழுவைக் கொண்டு கணக்கிட்டு, அந்தப் பகுதி மக்களின் மொழியில் வெளியிட்டு, அவர்கள் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்குமாறு ஆணையிட வேண்டுகிறோம். புகைபோக்கியில் பதிவாகும் மாசு அளவுகள் எவரும் எந்நேரமும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். தற்போது பரிசீலனையில் உள்ள விண்ணப்பங்களையும் இந்த ஆணை வரும்வரை நிறுத்திவைத்து, தங்கள் முடிவை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தூய காற்றும் நீரும் கோரும் குடிமக்கள்