சிகரெட் நாற்றத்தை மறைத்து விற்ற கார்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

உறையூர், திருச்சி – 3
12 மே 2025

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 21.03.2025 அன்று தங்கள் திருச்சி கிளையில் வாங்கிய 2018 மாடல் வெள்ளை ஸ்விஃப்ட் கார்

ஐயா,

வணக்கம். இந்த வண்டியைப் பற்றி ஏற்கெனவே ஐந்து முறை போனிலும் இரண்டு முறை மின்னஞ்சலிலும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் எடுத்து முதலிலிருந்து கதை கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் விளம்பரப் பக்கத்தில் இந்த வண்டிக்குக் கீழே மூன்று வரி இருந்தது. 'ஒரே உரிமையாளர். விபத்தில் சிக்காதது. புகைப்பிடிக்காதவர் ஓட்டியது.' மூன்றாவது வரிக்காகத்தான் நான் உங்களிடம் வந்தேன். என் மகளுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்து வீசிங். பழைய கார் வாங்குவதென்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எங்கள் டாக்டரிடம் கேட்டபோது, "எஞ்சினை மெக்கானிக் பார்க்கட்டும், நீங்கள் உள்ளே உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள்" என்றார். இழுத்துப் பார்த்தேன். மல்லிகை வாசம்தான் வந்தது. கண்ணாடியில் ஒன்று, டேஷ்போர்டில் ஒன்று, பின்சீட்டுக்கு அடியில் ஒன்று என்று மூன்று பெர்ஃப்யூம் டப்பா. ஒரு வண்டிக்கு எதற்கு மூன்று என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அது என் தப்பு.

டெஸ்ட் டிரைவில் உங்கள் ஆள் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டே ஓட்டச் சொன்னார். "ஏசி சூப்பரா இருக்கு சார், டெலிவரி அன்னைக்குப் பாருங்க, இப்ப இயற்கைக் காத்துல எஞ்சின் சத்தத்தைக் கேளுங்க" என்றார். கேட்டேன். எஞ்சின் சத்தம் நன்றாகவே இருந்தது. இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை.

5,10,000 ரூபாய் கட்டி, மார்ச் 21 வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தோம். நேராக வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய் பூஜை போட்டு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம். முதல் வாரம் வண்டிக்குள் ஏதோ புகை வாசம் லேசாக அடித்தது. கோயிலில் காட்டிய சூடமும் பத்தியும்தான் என்று நினைத்துக்கொண்டோம். வேப்பமரத்து நிழலில் நின்ற வண்டி, ஓட்டமும் அதிகமில்லை.

பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பித் தரலாம் என்பது உங்கள் விதி. அது மார்ச் 28-ஆம் தேதியோடு முடிந்தது. மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மண்டபத்துக்கு எதிரே வெட்டவெளியில் நிறுத்தியிருந்தோம். பங்குனி வெயில். மூன்று மணிக்கு வந்து கதவைத் திறந்தேன். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்குமே, அதில் தலையை விட்டதுபோல இருந்தது. ஏசி போட்டால் சரியாகும் என்று போட்டேன். இன்னும் மோசம். பழைய, புளித்த சிகரெட் நாற்றம் ஏசி துவாரத்திலிருந்தே குபுகுபுவென்று வந்தது. கீரனூர் தாண்டுவதற்குள் மகள் இரும ஆரம்பித்தாள். இன்ஹேலர் வைத்த பிறகு, கண்ணாடியை இறக்கிவிட்டு, வெந்த காற்றிலேயே திருச்சி வரை வந்தோம்.

மறுநாள் என் சட்டையைத் துவைக்கப் போட்ட மாமியார் அதை மோந்து பார்த்துவிட்டு என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாதவன் நான். நாற்பத்திமூன்று வயதில் அதை நிரூபிக்க அவரைக் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டார்.

ஏப்ரல் 1 அன்று உங்களுக்கு முதல் போன். தேதியைப் பார்த்து எனக்கே தயக்கம்தான். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினார். ஆனால் "வாசனை எங்கள் 200 அம்சச் சோதனையில் வராது சார், வாரண்டி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான்" என்றார். இரண்டு நாள் கழித்து ஒருவரை அனுப்பினீர்கள். அவர் கையில் ஒரு எலுமிச்சை ஸ்ப்ரே பாட்டில் இருந்தது. சீட்டில் நான்கு, தரையில் நான்கு என்று அடித்துவிட்டு, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலை வண்டிக்குள் எலுமிச்சையும் சிகரெட்டும் கலந்து அடித்தது. அதற்குச் சிகரெட் மட்டுமே தேவலாம்.

அப்புறம் நானே இறங்கினேன். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சீட்டிலும் கார்ப்பெட்டிலும் சமையல் சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் வேக்குவம் போட்டேன். அடுப்புக்கரியைத் துணிப்பையில் கட்டி நான்கு மூலையிலும் வைத்தேன். ஒரு கிண்ணம் வினிகர். கடைசியில் காப்பிப்பொடி, கும்பகோணம் டிகிரி காப்பியும் ஓசிச் சிகரெட்டும் சேர்ந்த டீக்கடை பெஞ்ச் மாதிரி ஆனதுதான் மிச்சம். சோடாவும் கரியும் கொஞ்சம் இழுத்தன என்பது உண்மை. காலையில் குறைவாக இருக்கும். உச்சி வெயிலில் நின்றால் திரும்ப வந்துவிடும். வாட்டர் வாஷுக்கு 900 ரூபாய் கொடுத்ததும் அப்படியே.

ஏன் திரும்ப வருகிறது என்பதை எங்கள் மெக்கானிக்தான் விளக்கினார். சிகரெட் புகை வெறும் காற்று இல்லை. அதில் தாரும் நிகோட்டினும் இருக்கின்றன. அவை கூரைத் துணி, சீட்டு ஃபோம், பெல்ட், கார்ப்பெட், ஏசி குழாய் எல்லாவற்றிலும் பிசின் மாதிரி படிந்துவிடும். வெயில் ஏறினால் அந்தப் படிவிலிருந்து ஆவி கிளம்பும். ஏசியை உள்சுற்றில் போட்டு ஓட்டுகிறபோது வண்டிக்குள் இருக்கிற காற்றைத்தான் அது திரும்பத் திரும்ப இழுக்கிறது. உள்ளே ஊதிய புகையெல்லாம் கூலிங் காயில் வழியாகப் போய் அங்கேயும் ஒட்டியிருக்கும். இதைச் சொல்லிக்கொண்டே குளோவ் பாக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டரை வெளியே இழுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய காகிதம், மாதக்கணக்கில் மாற்றாத டீ வடிகட்டி நிறத்தில் இருந்தது. ஃபில்டர் மாற்றவும் கூலிங் காயிலை நுரை அடித்துக் கழுவவும் 1,650 ரூபாய். உங்கள் சோதனைப் பட்டியலில் 'ஏசி ஃபில்டர்: நன்று' என்று டிக் அடித்திருக்கிறது. அதன் நகலையும் ஃபில்டரின் படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு மேல்தான் முக்கியமான விஷயம்.

ஏப்ரல் 19 அன்று வண்டியை ஒரு டீட்டெயிலிங் கடையில், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்யும் கடையில், விட்டேன். ஸ்டீம் போட்டுக் கழுவ 5,500 ரூபாய். பையன் வெள்ளைத் துணியில் கிளீனரை நனைத்துக் கூரையில் ஒரு இழுப்பு இழுத்தான். துணி தேன் நிறத்தில் வந்தது. இழுத்த இடம் மட்டும் வெளேரென்று ஒரு பட்டையாகத் தெரிந்தது. மீதிக் கூரை முழுக்க மஞ்சள். அதுதான் அதன் சொந்த நிறம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பிறகு சீட் கவரைக் கழற்றினான். இந்த சீட் கவரை நினைவிருக்கிறதா? டெலிவரி அன்று 'வாடிக்கையாளருக்கு எங்கள் அன்புப் பரிசு' என்று நீங்கள் போட்டுக் கொடுத்தது. அதற்குக் கீழே டிரைவர் சீட்டில், வலது தொடை படும் இடத்தில், பட்டாணி அளவில் இரண்டு ஓட்டை. ஓரமெல்லாம் கருகி உருகி, உள்ளே ஃபோம் தெரிந்தது. சீட்டு தண்டவாளத்துக்கு அடியிலிருந்து மூன்று சிகரெட் துண்டுகளை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆக, உங்கள் ஆட்கள் சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டையைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த பிறகுதான் பரிசு கொடுத்திருக்கிறார்கள். முந்தைய உரிமையாளர் சொன்னதை நம்பி அந்த வரியை விளம்பரத்தில் போட்டோம் என்று உங்கள் மேற்பார்வையாளர் மே 5 அன்று போனில் சொன்னாரே, அதை நான் ஏற்காததற்குக் காரணம் இந்த சீட் கவர்தான். பழைய கார் என்றால் பழைய காராகத்தான் இருக்கும், அது எனக்கும் தெரியும். 'புகைப்பிடிப்பவர் ஓட்டிய வண்டி' என்று போட்டு விலையில் முப்பதாயிரம் குறைத்து விற்றிருந்தால் வேறு யாராவது சந்தோஷமாக வாங்கியிருப்பார்கள். நான் வந்திருக்கவே மாட்டேன்.

அதே மேற்பார்வையாளர் கடைசியாக ஒரு யோசனை சொன்னார்: நாற்றம் போக வண்டிக்குள் ஓசோன் வாயு போட்டுத் தருகிறோம், 2,500 ரூபாய் கட்டணம் உங்களுடையது. டீட்டெயிலிங் கடையில் இதைப் பற்றியும் கேட்டேன். படிந்த தாரை எடுக்காமல் ஓசோன் மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் பழைய கதைதான் என்றார்கள். அதோடு ஓசோன் நுரையீரலுக்கு ஆகாத வாயு. போட்ட பிறகு கதவுகளைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். வீசிங் உள்ள குழந்தை ஏறுகிற வண்டி என்று சொன்ன பிறகும் உங்கள் ஆள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெறும் வாசனைதானே என்று உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்வதால் இதையும் எழுதுகிறேன். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பரப்புகளில் படிந்த நிகோட்டின், காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று அதில் காட்டியிருக்கிறார்கள். அதிகமாகப் புகைப்பவர் ஒருவருடைய டிரக்கின் உட்புறத்திலும் அவற்றைக் கண்டிருக்கிறார்கள். சிகரெட்டை அணைத்த பிறகும் மிஞ்சும் இந்தப் படிவுக்கு மூன்றாம் நிலைப் புகை என்று பெயர். கையில் பட்டதை வாயில் வைக்கும் வயதில் என் இரண்டாவது பிள்ளையும் அதே சீட்டில் உட்காருகிறான்.

ஸ்டீம் போட்ட பிறகு நிலைமை பாதி சரி. மீதி, கூரைத் துணியின் ஒட்டுப் பஞ்சிலும் சீட்டு ஃபோமிலும் இறங்கிவிட்டது. மாற்றினால்தான் போகும் என்கிறார்கள். கத்திரி தொடங்கியதிலிருந்து நாங்கள் வண்டியை எடுப்பதில்லை. மகளை ஆட்டோவில்தான் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு 5,10,000 ரூபாயையும், பெயர் மாற்றச் செலவையும், நான் பில்லோடு செலவழித்த 8,050 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். அது முடியாது என்றால் கூரைத் துணி, முன் சீட்டுகளின் ஃபோம், கார்ப்பெட் மூன்றையும் உங்கள் செலவில் புதிதாக மாற்றி, ஏசி குழாய்களைச் சுத்தம் செய்து, அந்த 8,050 ரூபாயையும் கொடுங்கள். சோடாவுக்கும் காப்பிப்பொடிக்கும் நான் கணக்குக் கேட்கவில்லை.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) சொல்கிறது. வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. எனக்கு அவ்வளவு நாள் காத்திருக்கும் எண்ணம் இல்லை. விளம்பரப் பக்கத்தின் படம், சோதனைப் பட்டியல், பில்கள், ஓட்டை விழுந்த சீட்டின் படங்கள், டாக்டர் சீட்டு எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

வண்டியைப் பார்க்க ஆள் அனுப்புவதானால் காலையில் வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்தி, கண்ணாடி ஏற்றித் தயாராக வைத்திருப்பேன். ஸ்ப்ரே பாட்டில் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை.

இப்படிக்கு,
(கையொப்பம்)