ஆமையைப் பெட்டியில் வைத்து மூடினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் செல்லப் பிராணிகள் பற்றி வந்த கட்டுரையில் ஆமைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் குளிர்காலம் வந்ததும் வைக்கோல் போட்ட பெட்டியில் விட்டு மூடினால் அது பாட்டுக்குத் தூங்கும், வசந்தத்தில் திறந்தால் போதும் என்று எழுதியிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த வீட்டு ஆமையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கட்டுரையில் சொன்னபடி செய்தால் வசந்தத்தில் செத்த ஆமையைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் நம்மூர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்மூர் நட்சத்திர ஆமை இப்படிக் குளிருறக்கம் போகிற இனமே இல்லை. அதைக் குளிரில் வைத்தால் நோய் வந்து சாகும். அதோடு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குளிரில் உறங்குபவை மத்தியதரைக் கடல் ஓரத்து ஹெர்மன் ஆமை, ஸ்பர்-தை ஆமை, மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமை போன்றவைதான்.

எங்களுடையது ஹெர்மன். பேரப்பிள்ளைகள் பொன்னி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. உறக்கத்துக்கு முந்தின மாதம்தான் எல்லாமே என்பார் அந்தப் பாட்டி. அனுபவத்தில் அது முழுக்க உண்மை.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். கண், மூக்கு, வாய், எடை, வயிற்றில் பூச்சி எல்லாம் பார்ப்பார். சளியோ மெலிவோ இருந்தால் அந்த வருஷம் உறக்கம் கிடையாது, சூடு தரும் விளக்கு வெளிச்சத்தில் விழித்தபடியே குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியதுதான். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

நவம்பர் தொடங்கியதும் தீனியை நிறுத்துவோம். பார்க்கப் பாவமாக இருக்கும், பின்னாலேயே நடந்து வரும். ஆனாலும் கொடுக்கக் கூடாது. குளிரில் செரிமானம் நின்றுவிடும். குடலில் மிச்சமிருக்கும் இலை அப்படியே அழுகி உயிரையே வாங்கிவிடும். பொன்னி அளவுள்ள ஆமைக்கு வயிறு காலியாக மூன்று நான்கு வாரம் ஆகும். தீனியை நிறுத்திய அன்றே விளக்கையும் அணைத்துவிடக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கதகதப்பு இருந்தால்தான் உள்ளே இருப்பது செரித்து வெளியேறும். கடைசிப் பத்து நாளில்தான் விளக்கு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம்.

தீனிதான் கிடையாதே தவிர, தண்ணீர் உண்டு. தினமும் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் உட்கார வைப்பேன். தலையை முக்கித் தொண்டை ஏறி இறங்கக் குடிக்கும். பிறகு வெள்ளையாகப் பற்பசை மாதிரி ஒன்றைக் கழிக்கும், திரும்பவும் குடிக்கும். அது சேர்த்து வைக்கிற மூத்திரப்பைத் தண்ணீர்தான் பிறகு பல வாரத்துக்கு உடம்பு காயாமல் காக்கும். வயிறு காலி, மூத்திரப்பை நிறைவு. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அப்புறம் இடம். 18-ஆம் நூற்றாண்டில் செல்போர்ன் என்ற ஊரில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் தன் தோட்டத்து ஆமை நவம்பரில் மண்ணுக்குள் போவதையும் ஏப்ரலில் வெளியே வருவதையும் குறித்து வைத்தார். அந்த ஆமையின் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் இப்போது அப்படித் தோட்டத்தில் விட முடியாது, ஜனவரி நடுவில்கூட ஒருநாள் 12 டிகிரி, மறுநாள் உறைபனி என்று வருகிறது. 10 டிகிரியைத் தாண்டினால் ஆமை பாதி விழித்துச் சேமிப்பைக் கரைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண் போய்விடும், உயிரும் போகலாம். குளிர் 5 டிகிரியை ஒட்டி நிலையாக இருக்க வேண்டும். அதற்காக மாப்பிள்ளை பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி கராஜில் வைத்திருக்கிறார். இதைக் கேட்ட சம்பந்தியம்மா, “ஆமை புகுந்த வீடே உருப்படாது என்பார்கள், ஆமை புகுந்த ஃப்ரிட்ஜ் என்ன ஆகுமோ” என்றார்!

பொன்னியை உள்ளே வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஃப்ரிட்ஜை ஓட்டிப் பார்த்துவிடுவோம். தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்தால் குளிர் ஏறி இறங்காது. மேலே ஓட்டை போட்ட பெட்டியில் மண் பரப்பி, அதில் பொன்னியை வைப்போம். தெர்மாமீட்டரின் உணர்முனை பெட்டிக்குள்ளேயே இருக்கும். கதவைத் தினம் ஒருமுறை திறந்து காற்று மாற்றுவது என் வேலை. காற்றுக்கு வழியில்லாமல் மூச்சடைத்துச் செத்த ஆமைகளும் உண்டு என்றார் எங்கள் மருத்துவர்.

வாரம் ஒருமுறை எடை. போகும்போது 1,150 கிராம் என்றால் மாதத்துக்குச் சுமார் ஒரு சதவீதம், அதாவது பத்துப் பன்னிரண்டு கிராம் குறைவது வழக்கம். மொத்தம் பத்து சதவீதத்தை நெருங்கினால் காத்திருக்கக் கூடாது, எழுப்பிவிட வேண்டும். பெட்டியில் ஈரம் தெரிந்தாலும் அப்படித்தான். சேர்த்த தண்ணீரைக் கழித்துவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை எழுப்பினால் திரும்பத் தூங்க வைக்கக் கூடாது.

டிசம்பர் தொடக்கத்தில் போகும் பொன்னியைப் பிப்ரவரி கடைசியில் எழுப்புவோம். சில மணி நேரம் அறையில் வைத்திருந்துவிட்டு விளக்கடிக்குக் கொண்டுபோவோம், பிறகு வெதுவெதுப்பான குளியல். முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும், தீனி அப்புறம்தான். ஒரு வாரத்துக்குள் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நட்சத்திர ஆமை பற்றிய வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் வெளியிட்டால் வெளிநாட்டில் ஆமை வளர்க்கும் உங்கள் வாசகர்களுக்கு மருத்துவரிடம் முன்பதிவு செய்ய நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ரெடிங், இங்கிலாந்து