ஜவ்வு விலகினால் படுத்தே கிடக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இடுப்பு பிடித்துக்கொண்டால் 'ஜவ்வு விலகிடுச்சு, ஒரு மாதம் அசையாமல் படு' என்று சொல்லும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. ஜவ்வு என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க். வலி இடுப்போடு நின்றால் அது சயாட்டிகாவே (இடுப்பில் நரம்பு உரசப்பட்டுக் காலுக்கு இறங்கும் வலி) அல்ல. பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாக முழங்காலுக்குக் கீழே இறங்கி, கெண்டைக்காலிலும் பாதத்திலும் ஷாக் அடித்ததுபோல் சுண்டினால்தான் அந்தச் சந்தேகம் வர வேண்டும். பெரும்பாலும், இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளில் ஒன்று பிதுங்கி நரம்பின் வேரை உரசுவதே காரணம். தும்மும்போதும் முக்கும்போதும் காலில் சுரீர் என்பது அதனால்தான்.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி அடங்கிவிடும். பிதுங்கியது பலருக்குத் தானாகவே சுருங்கும். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் ஜவ்வு புடைத்திருக்கும். ஆகவே முதல் வாரமே ஸ்கேனுக்கு ஓடுவதில் பயனில்லை. ரிப்போர்ட்டைப் படித்துப் பயப்படுவதுதான் மிச்சம்.

படுக்கை ஓரிரு நாள் போதும். பிறகு பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு நாலைந்து முறை நடக்கலாம். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வேண்டாம். பின்பாக்கெட் பர்ஸையும் எடுத்துவிடுங்கள்.

குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலேயே வைத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துங்கள், 10 முறை. கால்வலி மேலேறி இடுப்புக்கு வந்தால், அங்கே சற்றுக் கூடினாலும் நல்ல அறிகுறி. பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள். கால் நீட்டி உட்கார்ந்து விரலைத் தொடுவது இப்போது கூடாது: ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பை அது இன்னும் இழுக்கும். முதுகை மிதிக்கச் சொல்லிச் சுளுக்கெடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

'நரம்பு மாத்திரை' என்று எழுதித்தரும் ப்ரீகாபலினைச் சயாட்டிகாவுக்குத் தர வேண்டாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும்.

முன்பாதம் தூக்க வராமல் செருப்பின் முனை தரையில் தட்டினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஆசனவாயைச் சுற்றிக் கழுவும்போது உணர்ச்சி தெரியாமல் போனாலோ சிறுநீர் பிரியாமல் நின்றாலோ விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு இரவோடு இரவாகக் கொண்டுபோக வேண்டும்.

– இயன்முறை மருத்துவர், திண்டுக்கல்