இடது பக்கம் ஊமையான ஆம்ப்ளிஃபயர்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (பில் நகல் இணைப்பில்),
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 12.1.2026

பொருள்: 5 மாதமாகியும் சரிசெய்யாத ஆம்ப்ளிஃபயர், சரிசெய்யாமலே மூடப்பட்ட புகார் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம். முதல் ஆறையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். ஆறுக்கும் ஒரே பதில்தான் வந்தது: “உங்கள் கருத்துக்கு நன்றி.” நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. இடது பக்கம் சத்தம் வரவில்லை என்று சொன்னேன். அதனால்தான் இந்த முறை காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

2024 அக்டோபரில், ஆயுத பூஜை வாரத்தில், ரூ. 2,35,000 கொடுத்து உங்கள் பெரிய மாடல் ஆம்ப்ளிஃபயரை வாங்கினேன். வாரன்டி 2 வருடம். பின்னால் எத்தனை சாக்கெட், முன்னால் அந்த நீல விளக்கு எப்போது மினுக்கும், எப்போது நிலையாக எரியும் என்பதெல்லாம் நீங்கள் செய்த பொருள், உங்களுக்கே தெரியும். உங்கள் போன் ஆட்களுக்குத்தான் தெரியவில்லை. முதல் முறை பேசியவர் “ப்ளூடூத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றார். அந்த மாடலில் ப்ளூடூத்தே கிடையாது. இல்லாத ஒன்றை நான் எப்படி அணைப்பது?

நான் ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் மின்பிரிவில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த சிஸ்டம் என் 30 வருட ஆசை. மாடி ஹாலை இதற்காகவே ஒதுக்கினேன். 18 அடி நீளம், 12 அடி அகலம். கணக்குப் போட்டால் நீளவாக்கில் 31 ஹெர்ட்ஸ் பக்கமும் அகலவாக்கில் 47 ஹெர்ட்ஸ் பக்கமும் பேஸ், அதாவது அடித்தொனிச் சத்தம், வீங்கும். அதை அடக்க மூலைகளில் 4 அங்குல கனத்தில் ராக்வூல் வைத்தேன், பாய்லருக்குச் சுற்றுகிற அதே ராக்வூல்தான். மேலே போர்த்தத் துணி லாங் பஜாரில் வாங்கினேன். ஊதினால் காற்று மறுபக்கம் போகிற துணியாக வேண்டும் என்று கடைக்காரர் முன்னாலேயே ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்பீக்கர் இரண்டும் சுவரிலிருந்து 3 அடி தள்ளி, கிரானைட் பலகை மேல். “நடு வீட்டுல ரெண்டு பீரோ” என்பாள் என் மனைவி. வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி எர்த் குழி, உப்பும் கரியும் போட்டு நானே பக்கத்தில் நின்று போட வைத்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 வோல்ட்டுக்கு மேல் நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.) “உங்க வீட்டு கரண்ட் சரியில்ல” என்று உங்கள் ஆட்கள் மூன்று முறை சொன்னதால் சொல்கிறேன். ஸ்டெபிலைசரும் இருக்கிறது. 15 நாள் காலை, மதியம், இரவு என்று வோல்ட்டேஜ் குறித்து வைத்த நோட்டின் நகலும் இணைத்திருக்கிறேன். குறைந்தது 218, அதிகம் 241. இது தாங்காத ஆம்ப்ளிஃபயரை இந்தியாவில் ஏன் விற்கிறீர்கள்?

நவம்பரில் பேசினாரே ஒருவர், அவரைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். 40 நிமிடம் மியூசிக்கைக் கேட்டுக் காத்திருந்த பிறகு எடுத்தார். நான் ஊரைச் சொன்னதும் அவர் சொன்னது, எழுத்துக்கு எழுத்து: “வேலூர்ல இதெல்லாம் எதுக்கு சார்? ஒரு சவுண்ட் பார் போதுமே.” பெயரைக் கேட்டேன், லைன் போய்விட்டது. போகவில்லை, வைத்துவிட்டார். ஐயா, பணம் வாங்கும்போது வேலூர் என்று பில்லில் போட்டுத்தானே வாங்கினீர்கள்? அன்றைக்கு யாரும் எதுக்கு சார் என்று கேட்கவில்லையே?

சரி, பழுதுக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை. சிஸ்டம் முழுதாக அமைந்த பிறகு முதன்முதலாக எல்லோரையும் அழைத்திருந்தேன். மொத்தம் 11 பேர். குடியாத்தத்திலிருந்து என் மச்சான் குடும்பம், பெல்லில் கூட வேலை பார்த்த நண்பர்கள், சேண்பாக்கத்தில் மைக் செட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கெல்லாம் ஹார்ன் கட்டியவர், சத்தத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். அவர் வாயால் நன்றாக இருக்கிறது என்று வரவேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். பழைய நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றைத் துடைத்து, ஊசியை வைத்தேன். அதில் நாதஸ்வரம் இடது பக்கம், தவில் வலது பக்கம் பதிவாகியிருக்கும். ஆலாபனை இரண்டு நிமிடம் அப்படி ஒரு அழகு, பெரியவர் கண்ணை மூடிவிட்டார். அப்புறம் தவில் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து நாதஸ்வரம் காணவில்லை. இடது பக்கம் அப்படியே ஊமை. தவில் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருக்கிறது. என் மச்சான், “என்ன மாமா, மாப்பிள்ளையே இல்லாம கெட்டிமேளம் மட்டும் கேக்குது?” என்றான். 11 பேரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. “காண்டாக்ட்ட பாரு தம்பி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துக் கிளம்பினார்.

அவர் அன்றைக்குச் சொன்னதுதான் கோளாறு. மறுநாளே நான் சோதித்துவிட்டேன். உள்ளே வரும் ஒயர்களை இடம் வலம் மாற்றினேன், அப்போதும் இடது பக்கம்தான் ஊமை. ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றினேன், ஊமை வலது ஸ்பீக்கருக்குப் போனது. ஆக ஸ்பீக்கர் மேலும் தப்பில்லை, ஒயர் மேலும் தப்பில்லை. ஹெட்போன் போட்டால் இரண்டு பக்கமும் சுத்தமாக வருகிறது. வால்யூமைத் திடீரென்று ஏற்றினால் இடது பக்கம் உயிர் வந்து கொஞ்ச நேரம் பாடும். குறைத்து வைத்தால் மறுபடி போகும். இதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் எஞ்சினியருக்குத் தெரியாமல் இருக்காது. ஆன் செய்த சில விநாடியில் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, ஸ்பீக்கரைக் காப்பாற்றும் அந்த ரிலேவின் (தானாகத் திறந்து மூடும் சுவிட்ச்) காண்டாக்ட் கறுத்திருக்கிறது. அதிக கரண்ட் போனால் கறுப்பு கொஞ்சம் எரிந்து வழிவிடும், குறைந்த சத்தத்தில் வழி விடாது. வீட்டுக்குள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், வாசல் கதவுதான் திறக்க மறுக்கிறது. சில நூறு ரூபாய் சாமான். இதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

போனில் “சென்னை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க, ஒரு மணி நேர வேலை” என்றார்கள். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். செப்டம்பர் 9-ம் தேதி காலை 5 மணிக்கு வாடகைக் கார், போக வர ரூ. 4,800. ஒரிஜினல் அட்டைப்பெட்டி இல்லாமல் எடுக்கமாட்டோம் என்றதால், பரணில் இருந்ததை இறக்கித் தெர்மோகோல் துண்டு ஒன்றுகூட விடாமல் கட்டினேன். எடை 24 கிலோ, பெட்டியோடு இன்னும் அதிகம். உங்கள் சென்டர் இரண்டாவது மாடியில். லிஃப்ட்டில் ‘பழுது’ என்று சீட்டு. கீழே டீக்கடையில் இருந்த பையன் ஒருவன் ஒரு பக்கம் பிடித்தான், நான் 62 வயதில் இன்னொரு பக்கம். மேலே போய் மூச்சு வாங்க உட்கார்ந்து டோக்கன் வாங்கி, 2 மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பெட்டியின் மேலட்டையைப் பார்த்தார் அந்த எஞ்சினியர். திறக்கக்கூட இல்லை. “இந்த மாடல நாங்க பாக்கறதில்ல சார், பெங்களூரு போகணும்.”

பெங்களூரு! நான் எங்கிருந்து வந்தேன்? வேலூரிலிருந்து. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர். முதலிலேயே சொல்லியிருந்தால் மேற்கே போயிருப்பேன், வழியில் ஆம்பூர் பிரியாணியாவது மிச்சம். அதே பெட்டியை மறுபடி இரண்டு மாடி இறக்கினேன். அந்த டீக்கடைப் பையன்தான் அப்போதும் வந்தான். அவனுக்கு இருந்த அக்கறையில் பாதி உங்கள் நிறுவனத்துக்கு இருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. எங்கள் பாலாற்றிலாவது மழைக்கு மழை தண்ணீரைப் பார்க்கிறோம். உங்கள் சர்வீஸ் பெயரில் மட்டும்தான் ஓடுகிறது.

மன்னிக்கவும். மரியாதையாகவே எழுத நினைக்கிறேன். தவறுகள் எந்த நிறுவனத்திலும் நடக்கும், எனக்குப் புரிகிறது.

அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், வீட்டுக்கே ஒரு டெக்னீஷியனை அனுப்பினீர்கள். அதற்கு நன்றி. நல்ல பையன், ஆற்காடு மக்கன் பேடா கொடுத்தேன், இரண்டு சாப்பிட்டான். ஆனால் ரிலேவும் கொண்டுவரவில்லை, ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவரவில்லை. என்னுடையதைத்தான் கொடுத்தேன். மூடியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். இடது பக்கம் பாட ஆரம்பித்துவிட்டது. தட்டினால் காண்டாக்ட் ஒட்டத்தானே செய்யும்! நான் சொல்லச் சொல்ல, “ஓகே ஆயிடுச்சு சார், ஓடிபி சொல்லுங்க” என்றான். சொன்னேன், அது என் தவறு. அவன் தெருமுனை தாண்டுவதற்குள் ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, 5 நட்சத்திரம் தருக’ என்று செய்தி. அதை நம்பித் தீபாவளிக்கு மச்சானை மறுபடி அழைத்தேன். 10 நிமிடம்கூட ஓடவில்லை. இந்த முறை அவன் எதுவும் சொல்லவில்லை, என் தோளில் தட்டிவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டான். அதற்கு அவன் கிண்டலே செய்திருக்கலாம். மைக் செட் பெரியவரை இரண்டாம் முறை கூப்பிட எனக்கு முகமில்லை.

அதற்குப் பிறகு போன் செய்தபோதுதான் அந்த “வேலூர்ல இதெல்லாம் எதுக்கு”. டிசம்பரில் பேசியவர், பாகம் வர 45 வேலை நாள் ஆகும் என்றார். எந்தப் பாகம் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை.

ஸ்பீக்கர், டர்ன்டேபிள், அறை வேலை என்று எல்லாம் சேர்த்து ரூ. 9 லட்சம் அந்த மாடியில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. அத்தனையும் உங்களால் வீண். 5 மாதமாக எனக்குத் தூக்கமில்லை. ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, மனைவி அது ஊறுகாயால் என்கிறாள், எனக்குத் தெரியும் எதனால் என்று. சொந்தக்காரர்கள் முன்னால் போன மானத்துக்கு ரூ. 7 லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் குறைவு.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்ய எனக்கு ஒரு நிமிடம் போதும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்கக்கூட வேண்டாம், இந்தக் கடிதம் மாதிரி நானே எழுதிக்கொள்வேன். அப்போது நீங்கள் எங்கள் ஊருக்கு வர வேண்டியிருக்கும், ஊர் எதுக்கு என்று அப்போது தெரியும். 1857-க்கு 51 வருடம் முன்னாலேயே, 1806-ல், கோட்டைக்குள் கிளம்பிய ஊர் இது. எங்கள் பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு.

ஆனாலும் அங்கே போக எனக்கு விருப்பமில்லை. உங்கள் ஆம்ப்பின் சத்தம் எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது, அதுதான் என் கஷ்டமே. நான் கேட்பது இவ்வளவுதான்: இந்த மாதம் 31-ம் தேதிக்குள் இரண்டு பக்கத்து ரிலேவையும் புதிதாக எடுத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வரவேண்டும், இல்லையென்றால் ஆம்ப்பையே மாற்றித் தரவேண்டும். நவம்பரில் பேசியவரின் அழைப்பு பதிவாகியிருக்கும், நீங்களே அதைக் கேளுங்கள். கேட்டபின் அவர் எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கவேண்டும். காரின் ரூ. 4,800-க்கு ரசீது இணைத்திருக்கிறேன்.

வருகிறவர் காலை 10 மணிக்குள் வந்தால் நல்லது. ஓடிபியை இந்த முறை உடனே சொல்லமாட்டேன். அந்த நாதஸ்வரத் தட்டு ஒரு பக்கம் முழுக்க, குறைந்த வால்யூமில் ஓடி முடிந்த பிறகுதான். 20 நிமிடம் ஆகும். டீ தருகிறேன், உட்கார்ந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

இணைப்பு: பில் நகல், வாரன்டி அட்டை நகல், வோல்ட்டேஜ் நோட்டு நகல், கார் ரசீது.

பி.கு.: அக்டோபரில் வந்த பையன் என் ஸ்க்ரூ டிரைவரைக் கையோடு கொண்டுபோய்விட்டான். மஞ்சள் பிடி, பெல்லில் சேர்ந்த வருடம் வாங்கியது. அதையும் கொடுத்தனுப்பவும்.