‘ஜி.ஐ. ட்ரே’ என்று எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புயல் அடித்தால் சாய்ந்த மின்கம்பங்களின் படம் உங்கள் முதல் பக்கத்தில் வருகிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊர் இது, வரத்தான் வேண்டும். படத்தில் வராத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். உயர் அழுத்த கேபிளைத் தாங்கிப் பிடிக்கிற ட்ரே.

நான் கடலூர் முதுநகர்க்காரன். சிப்காட் பக்கம் 31 வருடம் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் இப்போதும் போய்ப் பார்த்துச் சொல்வேன். போன மாதம் அப்படிப் போன இடம், புதிதாக எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு வாங்கிய ஒரு கட்டடம். பெயர் வேண்டாம். யார்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் அறைவரை காம்பவுண்டுச் சுவரோரம், கடலைப் பார்த்த பக்கமாக 11 கே.வி. கேபிள் போகிறது. வேலை முடிந்து இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை. ட்ரேயின் வெட்டு விளிம்பை நகத்தால் சுரண்டினேன், துரு செதில் செதிலாக வந்தது. “ஜி.ஐ. தானே சார் போட்டிருக்கோம்” என்றார் சைட் இன்ஜினீயர் தம்பி. பில்லை எடுத்துக் காட்டினார். ஜி.ஐ. என்றுதான் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை.

வம்பே அந்த இரண்டு எழுத்தில்தான். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு, எப்படிப் பூசியது என்று அது சொல்லாது. பூச்சு போட்டு வந்த தகட்டை வாங்கி, ஓட்டை குத்தி, மடித்து ட்ரே செய்தாலும் ஜி.ஐ. கறுப்புத் தகட்டில் ட்ரேயைச் செய்து முடித்து, அப்புறம் உருக்கிய துத்தநாகத்தில் முழுசாக முக்கி எடுத்தாலும் ஜி.ஐ. முதல் வகையில் வழக்கமான 275 கிராம் பூச்சுத் தகடு என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஓட்டை குத்திய இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் வெறும் இரும்பு. இரண்டாவது வகையை ஹாட் டிப் என்போம். 2 மி.மீ. தகட்டில் 65 மைக்ரான் கேட்டு வாங்கலாம், ஓட்டையின் உள்பக்கம்கூடப் பூசியிருக்கும். துத்தநாகம் மெழுகுவத்தி மாதிரி, எவ்வளவு தடிமனோ அவ்வளவு நாள். திருச்சியில் இருபது வருடம் நிற்கிற ட்ரே எங்கள் கடலோரத் தேவனாம்பட்டினத்தில் நிற்காது, உப்புக்காற்று விடாது.

பூச்சை அளக்கும் மீட்டர் கைக்கடக்கமானது, ஐந்து நிமிட வேலை. லாரியை இறக்கும் முன் நாலு இடத்தில் வைத்துப் பார்ப்போம். சைட்டில் கட்டிங் வீல் போட்டு அறுத்தால் வெட்டிய இடத்தில் அன்றே ஜிங்க் (துத்தநாக) பெயிண்ட் அடிக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஒரு வெட்டுக்குக்கூட அது அடிக்கப்படவில்லை.

துருவையாவது கண்ணால் பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பயம் திருப்பத்தில் இருந்தது. அங்கே போட்டிருந்தது 300 சதுர மி.மீ. மூன்று கோர் கேபிள், அதாவது மூன்று ஃபேஸும் ஒரே உறைக்குள், வெளிவிட்டம் 80 மி.மீ.யை ஒட்டி வரும். வளைவின் ஆரம் அதைப்போல் 12 மடங்கு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வேண்டும். மாட்டியிருந்த எல்போவின் (திருப்பத்தில் போடும் வளைவுத் துண்டு) ஆரமோ 300 மி.மீ., எல்.டி. (குறைந்த அழுத்த) வேலைக்கு வாங்கியதில் மிச்சமாம். கேபிள் அதில் படுக்காமல் பக்கச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இப்படி மடக்கினால் உள்ளே சுற்றியிருக்கும் காப்பர் டேப்பில் சுருக்கம் விழும், இன்சுலேஷனில் இடைவெளி விழும், அங்கே பொடிப் பொடியாக டிஸ்சார்ஜ் (மின்பொறி) ஆரம்பித்து அரித்துக்கொண்டே போகும். இன்றைக்கு டெஸ்டில் பாஸ் ஆகும். வருடம் கழித்து ஒருநாள் வெடிக்கும்போது கேபிள் கம்பெனியைத் திட்டுவார்கள்.

கேபிளைக் கட்டியிருந்தது பிளாஸ்டிக் டையால். நம் வெயிலில் அது இரண்டு கோடையில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். நொறுங்காவிட்டாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது கேபிள்கள் உதறுகிற உதறலுக்குத் தாங்காது. ஃபேஸுக்கு ஒன்றாகத் தனித்தனியாக வரும் சிங்கிள் கோர் கேபிள் என்றால் இது உயிர்ப் பிரச்சினை. மூன்று ஃபேஸையும் முக்கோணமாகச் சேர்த்து, அலுமினியம் மாதிரி காந்தம் ஒட்டாத கிளாம்ப் போட வேண்டும். முன்பு ஒரு தொழிற்சாலையில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனியாக இரும்பு வளையம் போட்டுவிட்டார்கள். லோடு ஏறியதும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தால் வளையம் சூடாகி, ஷட்டவுன் எடுத்து இறங்கிப் பார்த்தபோது கேபிளின் மேல்தோலில் வளையத்தின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போடலாமே என்பார்கள். அதில் 304 ரகம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 விலைக்குக் கட்டுப்படியாகாது. ஃபைபர் ட்ரே உப்புக்கு நல்லது, ஆனால் எர்த்துக்குத் தனியாகப் பட்டை ஓட்ட வேண்டும், தீக்குத் தாங்கும் ரகமா என்றும் பார்க்க வேண்டும். என் ஓட்டு ஏணி மாதிரி இருக்கும் ஹாட் டிப் லேடர் ட்ரேக்குத்தான். அடியில் தண்ணீர் நிற்காது, கேபிளுக்குக் காற்றும் கிடைக்கும்.

அதனால் நகராட்சி, மாநகராட்சி, பொதுப்பணித் துறை அதிகாரிகளுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். கடலூரிலும் புதுச்சேரியிலும் டெண்டர் விடும்போது ‘ஜி.ஐ. ட்ரே’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். செய்து முடித்த பின் ஹாட் டிப், இத்தனை மைக்ரான், வளைவின் ஆரம் இவ்வளவு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் குறைந்த விலைக்காரர் மெல்லிய பூச்சைத்தான் கொண்டுவருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைக் கொடுத்தார்.

அந்தக் கட்டடத்துக்காரர் எல்போவையும் கிளாம்பையும் மாற்ற ஒத்துக்கொண்டார். ட்ரேக்கு மட்டும், “மேலே ஒரு கோட் பெயிண்ட் அடிச்சுக்கலாமா சார்?” என்று கேட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின் மேற்பார்வையாளர்,
கடலூர் முதுநகர்.