எதையும் அழிக்காதே

கும்பகோணம்
கார்த்திகை 5

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தாளடி நட்டாகிவிட்டது. விடாத மழையில் வாய்க்கால் ஓரத்து இரண்டு மா நிலத்துப் பயிர் அழுகிப்போனது, மறுநடவுக்கு நாற்று சொல்லியிருக்கிறோம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் உன் படம் இல்லை. இன்ஸ்டாவிலும் உன்னைக் காணோம் என்று ராஜி சொன்னாள். தீபாவளிக்கும் வரவில்லை. ஆய்வேட்டு வேலை என்றாய். சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

கீழே எழுதுவது உனக்கென்று இல்லை, விடுதியில் யாருக்காவது உதவும். ஒரு பெண்ணின் படத்தை எவனாவது வெளியே விட்டாலோ, விடுவேன் என்று மிரட்டினாலோ, முதலில் எதையும் அழிக்கக் கூடாது. பதற்றத்தில் கை தானாக டிலீட்டுக்குத்தான் போகும். பிளாக் செய்வதும் பிறகுதான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அவன் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்வான். பக்கத்தின் முழு லிங்க், பதிவின் லிங்க், தேதி, மணி எல்லாம் நோட்டில் கையால் எழுத வேண்டும். அவன் ப்ரொஃபைலில் தொடங்கி அந்தப் பதிவு வரைக்கும் ஸ்குரோல் செய்து ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுக்க வேண்டும். வக்கீலுக்கு அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்பு. வாட்ஸ்அப்பில் படமாகப் போனால் சுருங்கிவிடும், ஹாஷும், அதாவது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரியான எண்ணும், மாறிவிடும். 2023 சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த ஹாஷைத்தான் எழுதுகிறார்கள்.

ஹாஷில் இரண்டு வகை உண்டு, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஷா-256இல் ஒரு பிக்சல் மாறினாலும் விடை முழுக்க வேறாகிவிடும். சாட்சிக்கு அதுதான் வேண்டும். பிடிக்யூ என்பது படத்தின் சாயலை 256 பிட்டில் எழுதுவது. படத்தைச் சிறிதாக்கினாலும் சுருக்கினாலும் சாயல் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அதனால் தேடித் தடுக்க அது. அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 2021இல் வந்த ஸ்டாப் என்சிஐஐ தளம் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. கணக்கு நம் போனுக்குள்ளேயே நடக்கும், படம் போனை விட்டு வெளியே போகாது, எண் மட்டும்தான் போகும். ஆனால் படத்தை நிறைய வெட்டினால் பிடிக்யூ கோட்டை விட்டுவிடும். ஆகவே முழுப்படம், வெட்டிய படம், சுற்றிவரும் வடிவம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். படத்தை அழித்துவிட்டால் இது எதுவும் முடியாது, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவர்கள் தரும் வழக்கு எண்ணையும் பின் நம்பரையும் எழுதி வைக்க வேண்டும், பின் தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. இது அவர்களோடு சேர்ந்த தளங்களில் மட்டும்தான் தடுக்கும்.

மற்றதற்கு அந்தந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அந்தரங்கப் படமோ, ஒட்டி மாற்றிய படமோ, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 ஐடி விதிகள் வைத்தன. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம், ஆனால் பெயர் கொடுத்தால்தான் புகார் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வர முடியும். காசு கேட்டால் கொடுக்கவே கூடாது. கொடுத்தாகிவிட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? சட்டப் பேராசிரியர்கள் கிளேர் மெக்ளினும் எரிகா ராக்லியும் 2017இல் எழுதியதை எனக்கு அனுப்பியவளே நீதானே. ‘பழிவாங்கும் ஆபாசம்’ என்று சொல்லாதீர்கள், படத்தை வைத்துச் செய்யும் பாலியல் வன்முறை என்று சொல்லுங்கள் என்கிறார்கள். பழி என்றால் அவள் முதலில் ஏதோ செய்தாள் என்று ஆகிவிடுகிறது. நம்மூரில் ‘மானம் போச்சு’ என்பதும் அப்படித்தான், செய்தவன் ஒருவன், மானம் போவது மட்டும் அவளுக்கு. நீ அதை மேடையில் பேசிய வீடியோவை அப்பா மூன்று தடவை பார்த்தார். அப்படிப் பேசியவள் எதற்குப் படத்தை எடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும்? கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன், பார்.

என் லேப் மேனுவலில் இருந்த லெனா படம் ஞாபகம் இருக்கிறதா? தொப்பி, தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கும் முகம். 1972 நவம்பர் பிளேபாய் இதழின் நடுப்பக்கம் அது. மறு வருஷம் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேல்பகுதி 5.12 அங்குலத்தை மட்டும் அங்குலத்துக்கு 100 கோடாக ஸ்கேன் செய்தார்கள், 512 பிக்சல் வந்தது அப்படித்தான். உலகம் முழுக்க அதை வைத்துத்தான் படச்சுருக்கம் சோதித்தோம். ஆய்விதழ்கள் நடத்தும் ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி 2024 ஏப்ரல் 1 முதல்தான் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை வாங்குவதில்லை என்றது. ஊஞ்சலில் உட்கார்ந்து நீ “யாரும்மா இந்த அக்கா?” என்று கேட்டாய். “அது வெறும் டெஸ்ட் இமேஜ்” என்றேன். வருஷா வருஷம் அதையே போர்டில் போட்டேன், அவள் யார் என்று நான் ஒருநாளும் தேடவில்லை.

பிளஸ் ஒன்னில் டியூஷன் பையன் அனுப்பியதை நீ என்னிடம் கொண்டுவந்து காட்டினாயே. எல்லாவற்றையும் என் கையாலேயே அழித்தேன். உன் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் அடுத்த நாளும் டியூஷனுக்குப் போனான், நீதான் நின்றாய். நான் செய்தது தப்பு, கயல். அன்றிலிருந்து நீ எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை, எனக்குத் தெரியும்.

தளத்துக்குப் புகாரைப் பாதிக்கப்பட்டவள்தான் எழுத வேண்டும் என்றில்லை, அவள் சார்பில் வேறு யாரும் எழுதலாம் என்று அதே விதியில் இருக்கிறது. நான் எழுதுகிறேன். லிங்க் மட்டும் அனுப்பு, போதும். படத்தைத் திறக்க மாட்டேன். சாக்கோட்டை அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவிடமும் இன்னும் சொல்லவில்லை.

அம்மா