எந்த ஹைதராபாத்?

மதுரை,
ஞாயிறு மாலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. காலையில் கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் போன் செய்தபோது பயந்துதான் செய்தேன். டிவியில் கீழே ஓடிய வரியில் ஹைதராபாத்தில் கனமழை, தெருவெல்லாம் தண்ணீர் என்று வந்தது. நீ, "இங்கே ஒரு தூறல்கூட இல்லையேப்பா" என்றாய். அப்புறம்தான் அது பாகிஸ்தான் செய்தி என்று புரிந்தது. "அங்கேயும் ஒரு ஹைதராபாத் இருக்காப்பா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி மனதிலேயே நிற்கிறது. நீ மூன்று வருஷமாக இருக்கிற ஊரின் பெயர் அது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் கடிதம் பிரித்தவன் நான். ஓடுகிற ரயிலில், தபாலுக்கென்றே இருந்த ரயில் பெட்டியில், ராத்திரி முழுக்க நின்றபடி பிரிப்போம். எங்களுக்கு எப்போதும் தொல்லை கொடுத்தது தெரியாத ஊர் இல்லை, ஒரே பெயர் கொண்ட ஊர்கள்தான். பிலாஸ்பூர் சத்தீஸ்கரிலும் உண்டு, இமாசலத்திலும் உண்டு. ஔரங்காபாத் அப்போது மகாராஷ்டிரத்தில் ஒன்று (2023-ல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆகிவிட்டது), பீகாரில் ஒன்று. நம் மதுரையையே வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலீஷில் 'மதுரா' என்றுதான் எழுதினார்கள். கிருஷ்ணர் பிறந்த வடக்கு மதுராவுக்கும் நமக்கும் நடுவில் எத்தனை கடிதங்கள் அலைந்தனவோ. பின்கோடு வந்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். 1972 ஆகஸ்ட் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதற்குக் காரணமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரி, சமஸ்கிருதத்தில் கவிதை எழுதியவர். ஆறே எண்ணில் நாடு முழுவதையும் அடக்கிவிட்டார். அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாதிப் பேர் பின்கோடு எழுத மாட்டார்கள். 'திருப்பத்தூர்' என்று மட்டும் இருக்கும். மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்ட, பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரா, ஏலகிரி, ஜவ்வாது மலைப்பக்கத்துத் திருப்பத்தூரா? திருச்சி மாவட்டத்தில் பிரம்மா கோயில் இருக்கிற திருப்பட்டூரையும் சில பேர் அப்படியே எழுதுவார்கள். அப்போது ஊர்ப்பெயரை விட்டுவிட்டு மற்ற சொற்களைப் பார்ப்போம். முகவரியில் 'வளவு' என்று ஒரு சொல் இருந்தால் அது செட்டிநாட்டுப் பக்கம். 'ஆலங்காயம் ரோடு' என்றிருந்தால் வடக்கே. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் சொல்வார்: "பேரைப் படிக்காதே, பேருக்குப் பக்கத்தில் இருக்கிறதைப் படி." ஒருமுறை அப்படிப் படிக்காமல் ஒரு நேர்காணல் கடிதத்தைத் தவறான திருப்பத்தூருக்குத் தள்ளிவிட்டேன். ஆறு நாள் கழித்து 'மிஸ்சென்ட்' முத்திரையோடு என் கைக்கே திரும்பி வந்தது. உள்ளே இருந்த தேதி என்னவோ, அந்தப் பையன் போய்ச் சேர்ந்தானோ என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஹைதராபாத் விஷயத்திலும் பக்கத்துச் சொல் ஒன்று இருந்தது. பழைய தபால்காரர்கள் 'ஹைதராபாத் டெக்கான்', 'ஹைதராபாத் சிந்து' என்றுதான் சொல்வார்கள். டெக்கான், அதாவது தக்காணம், உன் ஊர். சிந்து, பாகிஸ்தானில் இருப்பது. நாம்பள்ளி ஸ்டேஷனில் இறங்கினால் பலகையைப் பார், 'ஹைதராபாத் டெக்கான்' என்று இருக்கும். தேசம் பிரிந்து இத்தனை வருஷம் ஆகியும் ரயில்வே அந்த 'டெக்கானை' விடவில்லை.

இதை எனக்கு முழுசாகப் புரியவைத்தவர் விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் சேட். சின்ன வயசில் உனக்குத் தீபாவளிக்குப் பாவாடைத் துணி எடுப்போமே, அந்தக் கடை. உனக்கு வேலை கிடைத்ததும் அவரிடம் போய், "மகளுக்கு ஹைதராபாத்தில் வேலை" என்றேன். துணியை மடித்துக்கொண்டே, "எந்த ஹைதராபாத்?" என்றார். ஊரெல்லாம் சொல்லியிருந்தேன், வேறு யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு ஹைதராபாத் என்றால் சிந்து நதிக்கரைதான். பதினோரு வயது வரை அங்கே இருந்தவர்.

முதலில் உன் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாகி வம்சத்தில் ஐந்தாவது சுல்தான் முகம்மது குலி. கோட்டைக்குள் ஜன நெரிசல், தண்ணீர்ப் பஞ்சம். அதனால் 1591-ல் மூசி ஆற்றுக்குத் தெற்கே புது நகரம் போட்டார். ஈரானிலிருந்து வந்த மந்திரி மீர் மூமின் திட்டம் வகுத்தார். நடுவில் சார்மினார், அங்கிருந்து நாலு திக்குக்கும் நாலு சாலை. முகம்மது குலி கவிஞர். தக்காணத்து உருதுவான தக்கினி மொழியில் நிறைய எழுதினார். ஆற்றை மீன்களால் நிரப்பியிருப்பதுபோல் என் நகரத்தை மனிதர்களால் நிரப்பு என்று ஆண்டவனிடம் அவர் வேண்டிய வரி ஒன்று உண்டு. கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறேன் என்று நீ அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த வேண்டுதல்தான் ஞாபகம் வரும்.

பாக்மதி என்ற காதலிக்காக ஊரைக் கட்டினார், அதனால் பாக்யநகர் என்று ஒரு கதை சொல்வார்கள். வரலாற்றுக்காரர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை. 'ஹைதர்' என்றால் சிங்கம். நபிகளின் மருமகன் அலிக்கு அது பட்டப்பெயர். குதுப் ஷாகிகள் ஷியா முஸ்லிம்கள், அலிமேல் தீராத பக்தி கொண்டவர்கள். அதனால் அந்தப் பெயர் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சிந்து ஹைதராபாத்தும் அதே அலியின் பெயரால்தான். ஆனால் 177 வருஷம் பிந்தியது. கல்ஹோரா வம்சத்து குலாம் ஷா 1768-ல், நேரூன் கோட் என்ற பழைய ஊர் இருந்த இடத்தில், ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டின்மேல் கோட்டை கட்டினார். ஏன் தெரியுமா? சிந்து நதி தடம் மாறியது. அவர்களுடைய பழைய தலைநகர் குதாபாத் வெள்ளத்தில் தவித்தது. தண்ணீர் போதாமல் ஒரு ஹைதராபாத் பிறந்தது, தண்ணீருக்குப் பயந்து இன்னொன்று பிறந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஆனால் மூசி ஆறும் சாது இல்லை. 1908 செப்டம்பர் 28 அன்று அது பெருகி உன் ஊரின் பெரும் பகுதியை வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள். அப்புறம்தான் நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவைக் கூப்பிட்டது. அவர் யோசனையில் எழுந்தவைதான் நீங்கள் கண்டிபேட் என்று சொல்லும் உஸ்மான் சாகர் ஏரியும் ஹிமாயத் சாகர் ஏரியும். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது. அன்றைக்கு அதன் கிளைகளைப் பிடித்துக்கொண்டு நூற்றைம்பது பேர் உயிர் தப்பினார்களாம். மூன்று வருஷம் ஆகியும் நீ அதைப் பார்க்கவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போ. சார்மினாரைவிட அந்த மரத்தைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

சேட் சொன்ன ஹைதராபாத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடியிலும் சாய்ந்த மூடி போட்ட கூண்டு ஒன்று நிற்குமாம், புகைபோக்கி மாதிரி. எல்லாக் கூண்டும் ஒரே திசையில், தென்மேற்கே வாய் திறந்திருக்கும். கோடையில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும் ஊர் அது. பகல் சாய்ந்ததும் கடல் பக்கமிருந்து காற்று வரும். கூண்டு அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். கீழ்த்தளத்தில் இருப்பவருக்கும் காற்று. 'மங்கு' என்று அதற்குப் பெயர். பழைய போட்டோக்களில் ஊரே பாய் விரித்த படகுக்கூட்டம் மாதிரி தெரியும். இப்போது அநேகமாக எல்லாம் போய்விட்டன. மின்விசிறியும் ஏ.சி.யும் வந்த பிறகு யாருக்கு அது வேண்டும்? ஆனால் சேட் அதைச் சொல்லும்போது அண்ணாந்து கடையின் மேல்தளத்தைப் பார்ப்பார். "ராத்திரி படுத்தா அந்தக் காத்து நேரா நெஞ்சிலே இறங்கும் சார்" என்பார்.

நதியில் பல்லா மீன் ஏறி வரும் காலத்தைப் பற்றியும் சொல்வார். நாம் உள்ளம் மீன் என்கிறோமே, அதுதான். கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து நீந்தி வருவது. சிந்துக்காரர்களுக்கு அது சாப்பாடு மட்டும் இல்லை, சாமி சம்பந்தமானதும்கூட. அவர்கள் கும்பிடும் ஜூலேலால் படத்தில் மீன்மேல்தான் உட்கார்ந்திருப்பார்.

அரசியல் கதை கொஞ்சம்தான். தால்பூர் என்ற இன்னொரு வம்சத்தார் கல்ஹோராக்களை விரட்டினார்கள். 1843 பிப்ரவரியில் மியானி என்ற இடத்தில் வெள்ளைக்காரத் தளபதி சார்லஸ் நேப்பியர் தால்பூர்களைத் தோற்கடித்தார். வெள்ளைக்காரன் தலைநகரைக் கராச்சிக்குக் கொண்டு போனான். அரசவை போனதும் அதை நம்பியிருந்த வியாபாரிகள் என்ன செய்வார்கள்? சிந்து கைவினைப் பொருட்களை மூட்டை கட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்பினார்கள். 'சிந்துவர்க்கி' என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. ஜப்பானில் கோபே முதல் பனாமா வரை கடை போட்டார்கள். கொழும்பிலும் போட்டார்கள். ஆண்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார்களாம். பெண்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஊர் அது. தபால்காரன் எனக்கு அந்தக் காட்சி எளிதில் கண்ணுக்குத் தெரிகிறது.

1947 வரை அந்த நகரில் இந்துக்கள்தான் அதிகம். 1948 முடிவதற்குள் அவர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். சேட் குடும்பம் கராச்சியில் கப்பல் ஏறிப் பம்பாயில் இறங்கி, கல்யாண் பக்கம் அகதி முகாமில் இருந்து, சொந்தக்காரர் ஒருவர் மூலம் மெட்ராஸ் வந்து, கடைசியில் நம் ஊருக்கு வந்தது. அதே 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உன் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது, நிஜாம் ஆட்சி முடிந்தது. அங்கிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பல கராச்சிக்குப் போயின. கராச்சியில் ஹைதராபாத் காலனி என்று ஒரு பகுதியே இருக்கிறது. பக்கத்தில் சிந்து ஹைதராபாத்தை வைத்துக்கொண்டு, தூரத்து டெக்கானை நினைத்து வைத்த பெயர் அது.

நீ ஊருக்கு வரும்போதெல்லாம் பழ பிஸ்கட் பெட்டி கொண்டு வருவாயே, கராச்சி பேக்கரி. கராச்சியை விட்டு வந்த கான்சந்த் ராம்னானி 1953-ல் உன் ஊரில் ஆரம்பித்தது அது. பெயரை மாற்று என்று அவ்வப்போது சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பக்கம் சிந்து ஹைதராபாத்தில் புகழ்பெற்ற பேக்கரி எது தெரியுமா? பம்பாய் பேக்கரி. 1911-ல் ஒரு சிந்தி இந்துக் குடும்பம் தொடங்கியது. பிரிவினைக்குப் பிறகும் அவர்கள் போகாமல் இருந்துவிட்டார்கள். இன்றைக்கும் கேக்குக்கு வரிசை நிற்கிறதாம். இதை முதல் தடவை கேட்ட அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. யாரோ இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு செய்ததுபோல இருக்கிறது.

வளையலும் அப்படித்தான். சார்மினார் பக்கத்து லாட் பஜாரில் அரக்கை உருக்கி, அது இறுகுவதற்குள் கல்லைப் பதித்து வளையல் செய்கிறார்கள், நீ பார்த்திருப்பாய். சிந்து ஹைதராபாத்தில் கண்ணாடி வளையல். உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத்திலிருந்து பிரிவினையில் போன கைவினைஞர்கள் கொண்டுபோன தொழில் அது. சூளையில் சுற்றி எடுத்த கண்ணாடியை வீட்டுக்கு வாங்கி வந்து, சின்னத் தீயில் முனையோடு முனை ஒட்டுவது அநேகமாகப் பெண்கள். நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் தீ, ஜன்னலைத் திறந்தால் அணைந்துவிடும். காற்றைப் பிடித்து உள்ளே விடக் கூண்டு கட்டிய ஊரில், காற்று வராமல் சாத்திக்கொண்டு இந்த வேலை. அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

நேற்று சேட்டைப் பார்த்து, டிவியில் வந்த மழையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். உனக்குப் போன் செய்து நீ பத்திரமாக இருக்கிறாய் என்று தெரிந்ததும் நான் டிவியை அணைத்துவிட்டேன், கயல். அவர் அணைக்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு வரை பார்த்தாராம். தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை, யாருக்குப் போன் செய்வது என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தீபாவளிக்கு வரும்போது பிஸ்கட் இரண்டு பெட்டி வாங்கி வா, ஒன்று சேட்டுக்கு. பல் இல்லை, டீயில் நனைத்துச் சாப்பிடுவார்.

புது வீட்டுக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது, வாட்ஸப்பில் ஒரு லொகேஷன்தான் அனுப்பியிருக்கிறாய். அம்மா முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டு எண், தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது, பின்கோடு ஆறு இலக்கம், எல்லாம் சேர்த்து எழுதி அனுப்பு. அது வந்ததும் பார்சல் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா